காரைக்குடியில் ஹோஸ்டா: மார்கழியிலும் இலை மடியவில்லை, வருஷா வருஷம் சிறுத்துக்கொண்டே போகிறது

வளவுத்தோட்டம் (காரைக்குடி)

வணக்கம். பழைய வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில் தொட்டியில் ஒரு ஹோஸ்டா (இலை அழகுக்காக வளர்க்கும் குளிர்நாட்டுச் செடி) இருக்கு. பச்சை இலை, ஓரத்தில் வெள்ளைக் கரை. ரகத்தின் பெயர் தெரியாது. 12 அங்குல சிமென்ட் தொட்டி. மண் கலவை செம்மண், மணல், மட்கிய சாணம் சம பங்கு. ஊற்றுவது போர் தண்ணீர். வருஷம் முழுக்க முற்றத்தின் வடக்கு ஓரத்தில், தாழ்வாரத்தை ஒட்டியே இருக்கு.

முதல் வருஷம் உள்ளங்கை அளவு இலை வந்தது. இரண்டாம் வருஷம் அதில் பாதி. சித்திரை, வைகாசியில் இலை ஓரம் காகிதம் மாதிரி காய்ந்துபோச்சு. குளிர்காலத்தில் இலை முழுக்க மடிந்து செடி மண்ணுக்குள் தூங்கும், வசந்தத்தில் திரும்ப முளைக்கும் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கு. இங்கே மார்கழி பாதி ஆகியும் மூணு நாலு இலை மஞ்சளும் பச்சையுமா நிற்குது. புது இலையும் வரலை.

இது தூங்குதா, சாகுதா? தண்ணீரை நிறுத்தணுமா? மண் மாற்றினால் சரியாகுமா? ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பார்கள் என்று சொல்வது உண்மையா?

---

நிழற்செடி (தேவகோட்டை)

முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். இலைக்காம்புகள் எல்லாம் சேரும் அடித்தண்டைச் சுற்றி இரண்டு அங்குலம் மண்ணை விரலால் விலக்குங்கள். அடித்தண்டு கெட்டியாக, வெளிறிய நிறத்தில், கூர்மையான முளைக்கண்களோடு இருந்தால் செடி நன்றாகத்தான் இருக்கிறது. அழுத்தினால் அமுங்கி, பழுப்புச் சாறு வந்து, நாற்றம் அடித்தால் அந்தப் பகுதி அழுகல். மஞ்சள் இலையைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். இந்தச் செடியில் இலை போவது இயல்பு, அடித்தண்டு போனால்தான் இழப்பு.

உங்கள் செடி தூங்கவும் இல்லை, விழித்திருக்கவும் இல்லை. அதற்குக் காரணம் ஹோஸ்டாவின் சொந்த ஊர். ஜப்பான், கொரியா, சீனா, ரஷ்யாவின் தூரக் கிழக்குப் பகுதி ஆகியவற்றின் காட்டு நிழலில் வளர்வது. அங்கே ஏப்ரல் வாக்கில் சுருட்டிய கூம்புகளாக முளை வெளிவரும். அந்த முதல் இலைகள் முழுக்கப் போன ஐப்பசிக்குள் சேர்த்த சேமிப்பில்தான் விரிகின்றன. இலை விரிந்து முற்றிய பிறகுதான் புது வேர் வேகமாக ஓடும். கோடையில் பூத்தண்டு எழும். அதே சமயம் அடுத்த வருஷத்து முளைக்கண்கள் அடித்தண்டில் சத்தமில்லாமல் உருவாகும். இலையுதிர் காலத்தில் பகல் குறுகி, குளிர் இறங்கி, முதல் உறைபனியில் இலை முழுக்க மடிந்துவிடும். பிறகு பனிக்காலம் பூராவும் உறக்கம். அந்தக் குளிரை உணர்ந்தால்தான் முளைக்கண்ணின் பூட்டுத் திறக்கும். ஐந்து டிகிரிக்குக் கீழே ஆறு வாரமாவது வேண்டும், எட்டு வாரம் இருந்தால் நம்பலாம். நம் ஊரில் மார்கழி இரவிலும் இருபது டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது.

குளிர் மட்டும் குறை என்றால் ஃப்ரிட்ஜ் போதும். இரண்டாவது குறையைப் பலரும் கவனிப்பதில்லை. அது பகல் நீளம். முளைத்த ஹோஸ்டா தொடர்ந்து வளர 14 மணி நேரத்துக்கு மேற்பட்ட பகல் தேவை. டோக்கியோவில் ஜூன் மாதப் பகல் பதினாலரை மணி நேரம். காரைக்குடி பத்தாவது அட்சரேகையில் இருப்பதால் நமக்கு ஆண்டின் நீண்ட பகலே பன்னிரண்டே முக்கால் மணிதான். குறைந்த பகல் பதினொன்றரை. ஆக, செடிக்கு வருஷம் முழுக்கக் கிடைக்கும் செய்தி ஒன்றுதான்: கோடை வரவே இல்லை, வளராதே. ஒரு சுற்று இலை விட்டுவிட்டு நின்றுவிடும். நீங்கள் சொல்வதும் அதேதான்.

மூன்றாவது, இரவுச் சூடு. மே மாத இரவில் 26, 27 டிகிரி இருந்தால் பகலில் இலை செய்த உணவில் பெரும்பகுதியை செடி இரவிலேயே எரித்துத் தீர்த்துவிடும். அடித்தண்டில் சேமிப்பு விழாது. சேமிப்புக் குறைந்தால் அடுத்த வருஷ முளைக்கண் சிறுக்கும், இலையும் சிறுக்கும். உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. இலை சிறுத்த செடிக்கு யூரியா போடுகிறவர்கள் வேரைக் கருக்குகிறார்கள், அவ்வளவுதான்.

ஃப்ரிட்ஜ் முறை உண்மைதான், செய்யலாம். இப்போதிலிருந்து தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து இரண்டு வாரத்தில் நிறுத்துங்கள். மீதி இலையை ஒரு அங்குலக் காம்பு விட்டு வெட்டுங்கள். தொட்டியைக் கவிழ்த்து அடித்தண்டை வேரோடு எடுத்து, மண் போகக் கழுவி, அழுகிய வேரைச் சுத்தமான கத்தியால் நீக்குங்கள். லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கரைத்த நீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, ஒரு நாள் நிழலில் உலர்த்துங்கள். பிறகு தென்னை நார்க்கழிவை நனைத்து, கையால் இறுக்கிப் பிழிந்தால் சொட்டுத் தண்ணீர்கூட வராத பதத்துக்குக் கொண்டுவந்து, அதற்குள் அடித்தண்டைப் புதைத்து, குண்டூசியால் பத்துப் பன்னிரண்டு துளை போட்ட பாலிதீன் பையில் கட்டி வையுங்கள். நார்க்கழிவு ஈரம் கூடினால் அழுகும், முற்றிலும் உலர்ந்தால் வேர் சுருங்கும். கெட்டுப்போகிற பைகளில் பெரும்பாலானவை ஈரம் கூடியதால் கெட்டவைதான்.

வைக்கும் இடம் 2 முதல் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரீசர் கூடாது. காய்கறித் தட்டு பல ஃப்ரிட்ஜ்களில் ஏழு, எட்டு டிகிரியில்தான் ஓடும். ஒரு சின்ன வெப்பமானியை ஓர் இரவு உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு எந்தத் தட்டு என்று முடிவு செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பையைத் திறந்து பாருங்கள்.

இந்த வருஷம் தாமதம்தான். ஆறு வாரம் வைத்து மாசியில் எடுத்தாலும் இலை விரிவதற்குள் பங்குனி வெயில் வந்துவிடும். அடுத்த வருஷம் ஐப்பசி பிறந்ததும் தொட்டியை மழை படாத இடத்துக்கு மாற்றித் தண்ணீரைக் குறையுங்கள். நவம்பர் முதல் வாரம் உள்ளே வைத்து எட்டு வாரம் கழித்து, பொங்கலுக்கு முன்பே வெளியே எடுத்து நடுங்கள். நம் ஊரில் ஹோஸ்டாவுக்கு வசந்தம் என்று ஒன்று கொடுக்க முடியுமென்றால் அது தை, மாசி இரண்டு மாதம்தான். முளை தெரிந்ததும் மாலை 6 மணியிலிருந்து 9 மணி வரை இரண்டடி உயரத்தில் 9 வாட் எல்இடி பல்பு எரியவிட்டால் பகல் கிட்டத்தட்ட பதினாலரை மணி நேரமாக நீளும். குளிரும் வெளிச்சமும் சேர்ந்தால்தான் பலன். ஒன்றை விட்டு ஒன்று செய்தால் அரைகுறை.

---

பள்ளத்தூர் ஆச்சி

தம்பி, மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனா அதைச் செய்யறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க. உங்களுக்கு வேணுங்கறது ஹோஸ்டாங்கற பேரா, முற்றத்து நிழலில் அகல அகலமா இலையா? இலைதான்னா நம்ம சூட்டுக்கே பழகின செடி இருக்கு. அதுவும் தூங்கும், அதுவும் முளைக்கும். ஆனா அது குளிரைப் பார்த்துத் தூங்கறதில்ல, மண்ணு காயறதைப் பார்த்துத் தூங்கும், ஈரத்தைப் பார்த்து முளைக்கும். பொங்கலுக்குக் கட்டற மஞ்சக்கொத்தைப் பாருங்க. தையில் பச்சையா நிற்கும், மாசியில் இலை சாய்ஞ்சு காயும், கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கும். செங்காந்தளும் கார்த்திகையில் பூத்துட்டு மடிஞ்சுதான் போகும். நம்ம ஊர்ச் செடிக்கு அதுதான் கணக்கு.

கச்சோலம் வைங்க. இலை தரையோட தரையா வட்டமாப் படுத்திருக்கும், வெள்ளையில் ஊதாப் பொட்டு வச்ச பூ, ஒரு நாள்தான் நிற்கும். வைகாசி, ஆனியில் முதல் மழை விழுந்ததும் முளைக்கண் உள்ள துண்டா வெட்டி, ரெண்டு அங்குல ஆழத்தில் ஒரு சாண் இடைவெளி விட்டு நடணும். மேலே காய்ஞ்ச சருகு பரப்பிடணும். இல்லாட்டி மழையில் மண் தெறிச்சு இலைமேல் ஒட்டி அழுகும். மார்கழி, தையில் இலை மஞ்சளாகும். அப்புறம் சொட்டுத் தண்ணி காட்டக்கூடாது. தொட்டியிலேயே விட்டுடலாம். மயில் இஞ்சின்னு நர்சரியில் கொடுக்கறாங்களே, அதுவும் இந்த இனம்தான், இலையில் வெள்ளியும் கரும்பச்சையுமா கோலம் போட்ட மாதிரி வரும். அதுக்கும் இதே கணக்கு.

நிறம் வேணும்னா கலாடியம். கிழங்கைப் பங்குனிக் கடைசியில் வைங்க, மண்ணு சூடாயிருந்தாத்தான் முளைக்கும். கரடுமுரடா கண்ணு இருக்கற பக்கம் மேலே, ரெண்டு அங்குல ஆழம். எட்டு அங்குலத் தொட்டிக்குப் பெரிய கிழங்கு ஒண்ணு, சின்னதுன்னா மூணு. நடுவில் பெரிசா ஒரு கண்ணு இருக்கும். அதைக் கத்தி நுனியால் எடுத்துட்டா சுத்தியிருக்கற கண்ணெல்லாம் முளைச்சு இலை அடர்த்தியா வரும், ஆனா அளவு கொஞ்சம் சின்னதா இருக்கும். இலை வர்ற வரைக்கும் தெளிச்சாப் போதும். தழைச்சத்து அதிகமாக் கொடுத்தா சிவப்பும் வெள்ளையும் மறைஞ்சு பச்சையடிச்சிடும். பால் பட்டா அரிக்கும், குழந்தைங்க வாயில் வைக்காமப் பார்த்துக்கணும்.

இங்கதான் கவனம். கார்த்திகை, மார்கழியில் கலாடியம் இலை சாயும்போது தண்ணியை நிறுத்தி, இலை காய்ஞ்சதும் கிழங்கை எடுத்து, ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, காய்ஞ்ச மணலில் போட்டு வீட்டுக்குள்ள வைக்கணும். ஃப்ரிட்ஜில் வச்சிடாதீங்க. பதினஞ்சு டிகிரிக்குக் கீழே போனாலே கலாடியம் கிழங்கு கெட ஆரம்பிச்சிடும். ஹோஸ்டாவுக்கு மருந்தா இருக்கற குளிர் இதுக்கு விஷம். ரெண்டையும் ஒரே பையில் போட்டு வச்சு, ஒண்ணு அழுகிடுச்சுன்னு கேட்கறவங்க உண்டு.

வருஷம் முழுக்கப் பச்சை வேணும், தூக்கமே வேணாம்னா அமேசான் லில்லி. இலை அச்சு அசல் ஹோஸ்டா மாதிரியே இருக்கும். மூணு நாலு வாரம் தண்ணியைக் குறைச்சிட்டு மறுபடி நல்லா ஊத்தினா வாசமா வெள்ளைப் பூ வரும். இலை வாடி விழற அளவுக்குக் காயப் போட்டுடக் கூடாது.

---

வளவுத்தோட்டம்

நன்றி ஆச்சி, நிழற்செடி அண்ணே. மண்ணை விலக்கிப் பார்த்தேன். அடித்தண்டு கெட்டியா இருக்கு, மூணு கண் தெரியுது, ஒரு பக்கம் இரண்டு வேர் மட்டும் கறுத்திருக்கு. ஃப்ரிட்ஜில் வைத்தே பார்க்கலாம் என்று இருக்கேன், பக்கத்தில் கச்சோலமும் வைக்கிறேன்.

இன்னும் மூணு சந்தேகம். ஃப்ரிட்ஜில் ஆப்பிள், வாழைப்பழம் எல்லாம் இருக்கும், பரவாயில்லையா? வடக்கு ஓரம் நிழல்தானே, அப்புறம் ஏன் கருகுது? இலையில் நரம்பு பச்சையா, நடுவே வெளுத்து மஞ்சளா இருக்கே, அது வெயிலா சத்துக்குறையா?

---

தாழ்வாரம் (கானாடுகாத்தான்)

பழத்தோடு வைக்காதீர்கள். பழுக்கிற ஆப்பிளும் வாழைப்பழமும் எத்திலீன் வாயுவை விடும், முளைக்கண் அதில் கெட்டுப்போகும். பழத்தை இரண்டு மாதம் வெளியே வைப்பது எளிது. துளை போட்ட பை என்பதால் டப்பாவில் மூடி வைத்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை.

வடக்கு ஓரம் பற்றி. நம் முற்றங்களில் நிழல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அந்த வாரங்களில் நடு முற்றத்தில் எந்த மூலையும் தப்பாது. இடைப்பட்ட மே, ஜூன், ஜூலையில் சூரியன் வடக்கே சாய்ந்து போகும், அப்போது வடக்குக் கட்டின் கூரை தன் அடியில் உள்ள தொட்டிக்கு நிழல் தரும். ஆனால் செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை சூரியன் தெற்கே. தெற்குக் கூரையைத் தாண்டி வரும் வெயில் நேராக வடக்கு ஓரத்தில்தான் விழும். ஆக உங்கள் தொட்டி, இலை விடக்கூடிய தை, மாசி, பங்குனியில் வெயிலில் நின்றிருக்கிறது. சித்திரை பிறந்ததும் உச்சி வெயிலும் சேர்ந்துகொண்டது. புரட்டாசியிலிருந்து பங்குனி வரை தெற்கு ஓரத்திலும், சித்திரையிலிருந்து ஆவணி வரை வடக்கே தாழ்வாரத்துக்குள் இரண்டடி தள்ளியும் வையுங்கள். காலை எட்டரை, ஒன்பது மணி வரை இளவெயில் பட்டால் நல்லது. அதற்கு மேல் வேண்டாம்.

ஓரம் காய்ந்தால் வெயிலும் உப்பும். நரம்பு பச்சையாக இருந்து நடுவில் வெளுத்தால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, செம்மண்ணே இரும்புதான். போர் தண்ணீரின் சுண்ணாம்பால் மண் காரமாகி, இருக்கிற இரும்பை வேர் எடுக்க முடியவில்லை. ஹோஸ்டாவுக்கு ஏற்ற கார அமில நிலை (pH) 6 முதல் 7 வரை. பழைய சுண்ணாம்புச் சுவரை ஒட்டித் தொட்டி இருந்தால் உதிரும் காரைத்தூளும் தினம் கொஞ்சம் சேரும். தொட்டியைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளுங்கள். கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழும் வீடு என்றால் ஐப்பசி மழையில் இரண்டு டிரம் பிடித்து மூடி வைத்தாலே ஒரு தொட்டிக்கு வெகுநாள் வரும்.

கலவையையும் மாற்றுங்கள். நம் சரளைச் செம்மண் ஈரத்தில் சேறு, காய்ந்தால் செங்கல். அதில் மணல் சேர்த்தால் இன்னும் இறுகும். நார்க்கழிவு இரண்டு பங்கு, மட்கிய இலையுரம் ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு போதும். நார்க்கழிவை வாங்கியதும் பயன்படுத்த வேண்டாம், உப்பு இருக்கும். தண்ணீரில் ஊறவைத்து வடிப்பதை மூன்று முறை செய்யுங்கள். சிமென்ட் தொட்டிக்குப் பதில் மண்தொட்டி நல்லது. வெளிப்பக்கம் ஈரம் ஆவியாவதால் வேர் பக்கம் சூடு குறையும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை என்றால் தொட்டிக்கு அடியில் தட்டும் முக்காலியும் அவசியம். உரத்தண்ணீர் வடிந்து நின்றால் அந்தக் கறை போகாது.

---

மலைச்சாரல் (கொடைக்கானல்)

ரகம் பற்றி ஒரு வார்த்தை. சமவெளியில் முயற்சி செய்கிறவர்கள் நீல இலை ரகங்களைத் தொடவே வேண்டாம். அந்த நீலம் இலைமேல் படிந்த மெழுகுப் பூச்சு. சூட்டிலும் மழையிலும் அது கரைந்து சாதாரணப் பச்சையாகிவிடும். சீபோல்டியானா என்ற ஹோஸ்டா இனத்தின் வழி வந்தவை எல்லாம் இப்படித்தான். வெப்பத்தைச் சற்றுத் தாங்குவது பிளான்டாஜினியா என்ற சீனத்து இனம். மணமுள்ள பெரிய வெள்ளைப் பூ, மாலையில் விரியும். கோடையிலும் புது இலை விடும் பழக்கம் அதற்கு உண்டு. அதன் வழி வந்த ராயல் ஸ்டாண்டர்ட், குவாக்கமோலி, சோ ஸ்வீட் போன்றவற்றுக்கும் அந்தத் தன்மை ஓரளவு இருக்கிறது. அவற்றுக்கும் குளிர்காலம் தேவைதான், தேவை கொஞ்சம் குறைவு.

தொட்டியைக் கார்த்திகையிலேயே கொடைக்கானலில் யாரிடமாவது கொடுத்து மாசியில் எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்பார்கள். இங்கே டிசம்பர், ஜனவரி இரவில் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும், பகலில் பதினேழு, பதினெட்டு வரை ஏறிவிடும். இலை மடியும், நல்ல உறக்கமும் வரும். ஆனாலும் 2 முதல் 5 டிகிரிக்குள் இரவும் பகலும் நிற்கிற ஃப்ரிட்ஜ் அளவுக்குச் சீரான குளிர் இது இல்லை.

புது ஹோஸ்டா வாங்கும்போது வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரைப் பெட்டியில் கொண்டுவரச் சொல்லாதீர்கள். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டின் தாவர நலச் சான்றும் இல்லாமல் நடவுப் பொருளைக் கொண்டுவர முடியாது. ஹோஸ்டாவில் எக்ஸ் வைரஸ் என்று ஒன்று உண்டு. நரம்பை ஒட்டி மை கசிந்ததுபோல் நிறம் பரவும், மருந்து கிடையாது. வெட்டுகிற கத்தியிலேயே பரவும் என்பதால் ஒவ்வொரு செடிக்கும் கத்தியைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவித் துடைக்க வேண்டும்.

---

நிழற்செடி

மூன்று கண் என்றால் இப்போது பிரிக்காதீர்கள், முழுசாகவே வையுங்கள். இந்தச் செடி குளிர்நாட்டிலேயே தன் முழு உருவத்துக்கு வர நாலைந்து வருஷம் எடுத்துக்கொள்ளும். பிரித்தால் ஒவ்வொரு துண்டும் முதலிலிருந்து தொடங்கும். கறுத்த வேர் இரண்டையும் நல்ல திசு தெரியும் வரை வெட்டுங்கள்.

மீண்டும் நடும்போது முளைக்கண் நுனி மண் மட்டத்தில் இருக்கட்டும், ஆழமாகப் புதைக்க வேண்டாம். இலை விரியும் வரை வேர் அதிகம் உறிஞ்சாது. மேல் மண் ஓர் அங்குலம் உலர்ந்த பிறகு ஊற்றினால் போதும். விரிந்த பிறகு தினமும் காலையில், இலை நனையாமல், தொட்டி ஓரமாக. கலவையில் ஒரு கைப்பிடி மண்புழு உரத்தோடு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை 10 கிராம் சேர்க்கலாம். கார்பன்டாசிம் நீரில் நனைத்த செடிக்கு மட்டும் இரண்டு வாரம் கழித்து இடுங்கள், அந்த மருந்து டிரைக்கோடெர்மாவையும் கொன்றுவிடும்.

பயப்பட வேண்டிய நோய் ஒன்றுதான்: ஸ்கிளிரோசியம் அழுகல். சூடும் ஈரமும் சேர்ந்த புரட்டாசி, ஐப்பசியில் வரும். நேற்று நன்றாக நின்ற இலை இன்று காம்பு அடியில் கழன்று சாய்ந்திருக்கும். மண் மட்டத்தில் வெள்ளை நூல் படலமும் கடுகு அளவில் பழுப்பு மணிகளும் தெரிந்தால் அதுதான். அந்த மணிகள் மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் மேல் நாலு அங்குல மண்ணை அள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். கச்சோலத்தை அந்தத் தொட்டி மண்ணில் வைக்கவும் வேண்டாம்.

மழைக்காலத்தில் நத்தைக்கு ஹோஸ்டா இலைதான் முதல் விருந்து. இரவில் நனைந்த சாக்கை முற்றத்து மூலையில் விரித்து, அதன்கீழ் பப்பாளி இலையும் தண்டும் போட்டு வைத்தால் விடியலில் அங்கே கூடியிருக்கும், பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடலாம். நாய், பூனை உள்ள வீட்டில் நத்தையைக் கொல்லும் மெட்டால்டிஹைடு குருணை வைக்காதீர்கள். ஹோஸ்டா இலையும் அவற்றுக்கு ஆகாது, மென்றால் வாந்தி எடுக்கும்.